இடது பக்கத்து சீட்

மில்லில் எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். நான் அண்ணே என்பேன். பேகம்பூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். நான் அதே மில்லில் நூலைச் சோதித்துப் பார்க்கும் லேபில் வேலை செய்கிறேன். மூன்றாவது ஆள் ஸ்டோர்ஸில் இருந்தவர். பழனிப் பக்கம் கீரனூர் சொந்த ஊர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரையைத் தாண்டி இருக்கும் மில்லுக்கு மூன்று பேரும் தினமும் பாயின் காரில் போய் வந்தோம். மில் பஸ் ஷிப்ட் ஆட்களுக்கு மட்டும்தான். வேறு பஸ்ஸில் போனால் ரோட்டில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். அதனால் அந்தக் கார் எங்களுக்குப் பெரிய உபகாரம்.

கீரனூர்க்காரர் பின் சீட்டில் காலை நீட்டி உட்காருவார். பொம்பளை இடிபடாமல் வரட்டும் என்று எனக்கு முன்னால் இடது பக்கத்து சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்துதான் நான் கார்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் கார் என்றால் எனக்கு நாலு சக்கரமும் ஒரு ஹாரனும்தான். என் கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டும். எங்கள் வீட்டில் ஸ்கூட்டர்கூடக் கிடையாது.

பாயின் கார் பத்து வயதைத் தாண்டிய வெள்ளை டீசல் வண்டி. அவரிடம் வருவதற்கு முன் இரண்டு கை மாறியது. வயரிங் முழுவதையும் அவரே பிரித்து மாட்டியிருந்தார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்து, “முன் வீல் பேரிங் லேசாப் பாடுது, கேக்குதா?” என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. சில மாதங்கள் கழித்துக் கேட்கத் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கீரனூர்க்காரர் பல வருடமாகப் பழைய கார் வாங்கப்போகிறவர். வாங்கினதே இல்லை. போனில் விளம்பரம் பார்ப்பதும் எங்களிடம் படித்துக் காட்டுவதுமாக வருவார்.

“பாய், ஒட்டன்சத்திரத்துல ஒண்ணு இருக்குதுங்க. டாக்டர் ஓட்டுன வண்டியாமுங்க. எம்பதாயிரம்தான் ஓடியிருக்குதாம்.”

“டாக்டரு ஓட்டுன வண்டி, டீச்சரு ஓட்டுன வண்டி. இம்புட்டு டாக்டருக்கு நாம எங்கப்பா போறது? பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சிருக்கா, அதப் பாத்தியா?”

“போட்டோவுல பெடல் தெரியலீங்களே.”

“அப்ப அது டாக்டரு வண்டி இல்ல, டாக்டரு பாக்க வேண்டிய வண்டி.”

இப்படியே போகும். சாயங்காலம் திரும்பும்போது எப்போதாவது திருச்சி ரோட்டில் பழைய கார் விற்கும் இடத்தில் நிறுத்துவோம். வாங்க அல்ல, பார்க்க. பாய் கதவு ரப்பரைப் பிதுக்கி வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டி எத்தனை கழுவினாலும் வாடை விடாதாம். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் கடுகு அளவில் ஒரு குறி இருக்கும், அதில் அந்தக் கண்ணாடி எந்த வருடத்தது என்று தெரியும். அதை மூக்குக்கண்ணாடி போடாமலே படித்துவிடுவார். “அஞ்சு கண்ணாடி ஒரே வருசம், இது மட்டும் வேற. இடிவாங்கின வண்டி” என்று எட்டி நடந்துவிடுவார். விற்கிறவர் முகம் வாடிப்போகும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாயின் பார்வையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நான்குவழிச் சாலையில் தூரத்தில் புள்ளியாகப் போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தே என்ன வண்டி, எந்த மாடல் என்று சொல்லிவிடுவார். கீரனூர்க்காரர் டீ பந்தயம் கட்டுவார். நெருங்கிப் போய்ப் பார்த்தால் பாய் சொன்னதுதான். காலையில் போகும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும், சாயங்காலம் வரும்போதும் முகத்தில்தான் அடிக்கும். அந்த வெயிலிலும் நம்பர் பிளேட்டைப் படிப்பார்.

முதல் முறை நடந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குள், காலை நெரிசலில், பூ மூட்டை கட்டிய மொபெட் ஒன்று எங்களுக்கு இடது பக்கமாக ஒட்டி வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் பேசிக்கொண்டே வண்டியை இடது பக்கம் ஒடித்தார். மொபெட்காரர் என் கதவை ஓங்கி அறைந்தார்.

“ஏலே, கண்ணு பொட்டையா?”

பாய் திடுக்கிட்டு நிறுத்தினார். “எங்கேருந்து வந்தான் இவன்?” என்றார்.

டூவீலர்காரர்களைப் பற்றிக் கார்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு இடது பக்கத்து சைடு மிர்ரர் உடைந்தது. பேகம்பூர் சந்துக்குள் எவனோ உரசிவிட்டுப் போய்விட்டான் என்றார். புதுசு மாட்டினார். அடுத்து பின் கதவில் ஒரு நீளக் கோடு. அடுத்து முன் பம்பரின் இடது மூலை நசுங்கியது. ஒருநாள் மில் ஷெட்டில் இறங்கும்போது கீரனூர்க்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாய், இத விக்கப் போனீங்கன்னா லெப்ட் சைடு பூராம் இடிவாங்கின வண்டின்னு உங்களாட்டம் ஒருத்தர் கண்டுபிடிச்சுப் போடுவாருங்க.”

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்து லேபுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாமே நான் உட்காரும் பக்கம்.

அதற்கு அடுத்து பஸ். சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தோம். பாய் வலது தடத்தில் போனார். எங்களை முந்த ஒரு பஸ் இடது பக்கமாக ஏறி வந்தது. அது தப்புதான், ஆனால் நம் ரோட்டில் அதுதானே வழக்கம். அதன் முன் சக்கரம் என் ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டது. சக்கரத்தின் போல்ட்டுகள் சுற்றுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பாய் இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக, இடது பக்கம் வரத் தொடங்கினார்.

பஸ்ஸின் ஹாரன் என் காதுக்குள்ளேயே அடித்தது. பாய் வலது பக்கம் இழுத்தார். ரோட்டு நடுவில் இருந்த அரளிச் செடிகள் வலது பக்கக் கண்ணாடியில் பட்டுப் பட்டுப் போயின. பஸ் தாண்டியது. கண்டக்டர் படியில் நின்று கையை நீட்டித் திட்டுவது தெரிந்தது.

“லெப்ட்ல ஏறுறாம் பாரு, அறிவுகெட்டவன்” என்றார் பாய். பிறகு முன்னால் போன ஒரு காரின் மாடலைச் சொன்னார். சரியாகச் சொன்னார்.

அன்றிலிருந்து பயம் என்னோடு ஏறி இறங்கத் தொடங்கியது. காலையில் மகளுக்குத் தலை பின்னும்போதே கை பாதியில் நின்றுவிடும். அவளைப் பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஆட்டோ திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். சாயங்காலம் நான் வராமல் போனால் அவள் யார் வீட்டில் இருப்பாள், அவள் அப்பா ஓசூரிலிருந்து வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் மனம் கணக்குப் போடும். காரில் ஏறி உட்கார்ந்ததும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை என்று தெரிந்தும் அழுத்துவேன். மில் வந்து இறங்கும்போது கெண்டைச்சதை கட்டையாக இருக்கும்.

கீரனூர்க்காரரைத் தனியாகப் பிடித்து, பாய்க்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று சொன்னேன்.

“பாய் கண்ணுங்களா? அக்கா, அவரு கழுகுங்க. நமக்குத்தான் கண்ணாடி வேணும்.”

“தூரத்துல தெரியுது தம்பி. பக்கத்துல தெரியலையோன்னு நெனைக்கிறேன்.”

“பக்கத்துல தெரியாமயா அந்தப் பொடி எழுத்தப் படிக்கிறாரு?”

பக்கத்தில் என்று நான் சொன்னது கிட்டத்தில் என்ற அர்த்தத்தில் இல்லை, ஓரத்தில். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தூரமும் தெரிகிறது, கிட்டவும் தெரிகிறது, ஓரம் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

கேன்டீனில் ஒருநாள் பாய்க்கு டீ கொண்டுபோனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே இடது பக்கமாகப் போய், முழங்கைக்குப் பக்கத்தில் கிளாஸை வைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் நின்றேன். அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தைப் புரட்டினார். கை பட்டு டீ முழுதும் மேசையில் கொட்டியது.

“யா அல்லா! யாரு இங்க வச்சது?” என்று எழுந்தவர், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். “நீ எப்பம்மா வந்த?”

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். காரைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னாலே முகம் சுருங்குகிற மனிதரிடம் கண்ணைப் பற்றி எப்படிச் சொல்வது? ஓட்ட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர் வண்டி, அவர் பெட்ரோமாக்ஸ் மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் வண்டி.

அதற்குப் பதிலாக நான் வாயைத் திறந்துகொண்டே வரத் தொடங்கினேன். “அண்ணே, லெப்ட்ல பைக். அண்ணே, சைக்கிள் போகுது. லெப்ட்ல டிராக்டர் நிக்குது.” முதலில் எரிச்சல்பட்டார். “தெரியுதும்மா, நான் இருபது வருசமா ஓட்டுறேன்” என்றார். பிறகு ஒன்றும் சொல்வதில்லை. பின்னால் இருந்த கீரனூர்க்காரர் மட்டும், “அக்கா கண்டக்டர் வேலைக்குப் போலாமுங்க” என்று சிரிப்பார்.

ஓரிரு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் எனக்குத் தலைவலி. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறும் இடத்தில் பாய் வேகத்தைக் குறைத்தார். குறைத்தவர் ஏறவே இல்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

“என்னம்மா, இன்னைக்குப் பேசாம வர்ற?” என்றார். சாதாரணமாகக் கேட்பதுபோல்தான் கேட்டார். “லெப்ட்ல ஏதாச்சும் வருதா?”

எனக்குத் தலைவலி போய்விட்டது. அப்படியானால் நான் சொல்லச் சொல்லத்தான் அவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று மத்தியானம் கணவருக்குப் போன் செய்து சொன்னேன். “நாளையிலேருந்து பஸ்ல போ. ஒரு பேச்சும் வேணாம்” என்றார். வீட்டில் விசேஷம், சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று பாயிடம் பொய் சொல்லிவிட்டு இரண்டு நாள் பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் எனக்குப் பயம் குறையும் என்று நினைத்தேன். அது இன்னும் கூடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளைக் கார் எங்கேயாவது ஒதுங்கி நிற்கிறதா, கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அந்த சீட் காலியாக இருக்கிறது, பின்னால் இருக்கிறவர் போனைப் பார்த்துக்கொண்டு வருவார், இப்போது யார் சொல்வார்கள்? ரோட்டோரம் சைக்கிளில் போகும் ஒவ்வொரு பிள்ளையையும் கண்ணுக்கு மறையும்வரை திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பாயின் காரிலேயே போய் ஏறினேன். கணவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. காலை நேரம். வடமதுரையைத் தாண்டியதும் பெரிய ரோட்டிலிருந்து இடது பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். கீரனூர்க்காரர் கரூரில் விலைக்கு வந்திருந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளட்ச் பிளேட் மாற்றினதாம், சஸ்பென்ஷன் மாற்றினதாம். பாய், “எல்லாத்தையும் மாத்திட்டா அப்புறம் என்னத்தத்தான் விக்கிறான்?” என்று கேட்டுக்கொண்டே இடது பக்கம் திருப்பினார்.

ஓரத்தில் ஒரு அம்மா இரண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கக் காலை எடுத்து வைத்திருந்தார். சிவப்புச் சேலை. இடுப்பில் ஒரு குழந்தை. வெயிலில் பளிச்சென்று நின்றார்கள்.

“அண்ணே, லெப்ட்ல ஆள்!” என்றேன்.

“எங்க?” என்றார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அந்த அம்மா எங்களைப் பார்த்தார். எங்கள் வண்டி நின்றுவிடும் என்று நம்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தேன்.

வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. டயர் அலறியது. கீரனூர்க்காரர் முன் சீட்டில் வந்து மோதினார். புழுதி கண்ணாடியை மூடியது. வண்டி குறுக்காக நின்று, குலுங்கி, அணைந்துபோனது.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆடு கத்தும் சத்தம் கேட்டது. பிறகு குழந்தை அழும் சத்தம். அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தால், என் கதவுக்குக் கைநீட்டும் தூரத்தில் அந்த அம்மா குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றார். கயிறு கையிலிருந்து நழுவி ஆடுகள் கருவேலங் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

பாய் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

“என்ன காரியம் பண்ற நீ? ஓடுற வண்டியில ஹேண்ட் பிரேக்க இழுக்குற? மூணு பேரையும் கொன்னுபோடப் பாத்தியா?”

கையை மட்டும் ஜன்னல் பக்கம் காட்டினேன்.

பின்னாலிருந்து கீரனூர்க்காரர் கேட்டார். உதட்டில் ரத்தம் வந்திருந்தது. “பாய், அந்த அம்மாவ நீங்க பாக்கலீங்களா?”

“எந்த அம்மா?”

அந்த இரண்டு வார்த்தையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பொய் சொல்கிற குரல் இல்லை அது. உண்மையாகவே கேட்டார். பிறகு கழுத்தை முழுதாகத் திருப்பி என் ஜன்னல் வழியே பார்த்தார். அங்கே அந்த அம்மா. பாயின் முகத்திலிருந்து கோபம் இறங்குவதைப் பார்த்தேன். கோபம் இறங்கிய இடத்தில் என்ன வந்தது என்பதையும் பார்த்தேன். இத்தனை நாளாக எனக்கு மட்டும் இருந்த பயம் இப்போது அவருக்கும் வந்துவிட்டது.

இறங்கிப் போய் அந்த அம்மாவின் முன்னால் கையைக் கூப்பினார். “தப்பாயிருச்சும்மா. பாக்கல. சத்தியமாப் பாக்கல.”

“பகல்ல நிக்கிற ஆளத் தெரியலையா உனக்கு? பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறேனே!” அவர் கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். நானும் கீரனூர்க்காரரும் காட்டுக்குள் போய் ஆடுகளைப் பிடித்துவந்து கொடுத்தோம். என் செருப்பு முழுக்க முள் ஏறியிருந்ததை மில்லுக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

மீதி தூரம் கீரனூர்க்காரர் ஓட்டினார். லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆன மனிதர், அதிகம் ஓட்டிப் பழக்கமில்லாதவர். இரண்டாவது கியரிலேயே போனார். பாய் பின் சீட்டில் உட்கார்ந்து தன் இடது கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, மெல்ல முன்னால் கொண்டுவந்து, மறுபடி பின்னால் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று அவர் வேலைக்குப் போனதுதான் எனக்கு இன்னொரு பயம். அவர் நிற்பது கரண்ட் ஓடும் பேனல்களுக்கு நடுவில். லேபில் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, என் காது முழுதும் பேனல் ரூம் பக்கமே இருந்தது. விளக்கு லேசாக மினுங்கினாலும் எழுந்து நின்றேன். சாயங்காலம் ஷெட்டில் கார் இருந்தது, பாய் இல்லை. எங்களிடம் சொல்லாமல் பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கீரனூர்க்காரரும் காரைக் கொண்டுபோய் விடும் சாக்கில் பேகம்பூர் போனோம். சந்துக்குள் நுழைய அவருக்குத் தைரியம் வரவில்லை; மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். பாயின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே பாய் சேரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வாம்மா” என்றார்.

நான்தான் பேசினேன். மொபெட், பஸ், டீ கிளாஸ், எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்களுக்கு நேரா இருக்குறது எல்லாம் தெரியுது. சைடுதான் தெரியலன்னு நெனைக்கிறேன்.”

சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற பாயின் மனைவி மெதுவாகக் கேட்டார்: “அப்ப, எம்மேல கோவம் இல்லையா?”

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“ரொம்ப மாசமா நான் பக்கத்துல வந்து நின்னாத் திரும்ப மாட்டாங்க. சோறு வச்சா வெஞ்சனத்தத் தொடாம எந்திரிச்சிருவாங்க. வெஞ்சனக் கிண்ணத்த இடது பக்கமாத்தான் வைப்பேன். எம்மேல ஏதோ மனத்தாங்கல்னு நெனச்சு, நானும் கேக்கல.”

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மனைவி பக்கத்தில் போய், அவருக்குத் தெரிகிற மாதிரி நேர் முன்னால் உட்கார்ந்தார். நானும் கீரனூர்க்காரரும் வெளியே வந்து சந்தில் நின்றோம்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் பாயைக் கூட்டிப் போனபோது நானும் கூடப் போனேன். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்திருக்கிறது. வலி இருக்காதாம். ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டே வருமாம், நடுப்பார்வை கடைசிவரை நிற்குமாம். அதனால்தான் ஆளுக்கே தெரியாதாம். இடது கண்ணில் ரொம்பப் போய்விட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது. போனது போனதுதான், சொட்டு மருந்து விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கார் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாய் என்னிடம் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார். ஒரு பெரிய வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைக்க வேண்டுமாம். உள்ளே அங்கங்கே சின்ன விளக்கு மினுக்கும். தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும்.

“கொஞ்ச நேரம் வந்துச்சும்மா. அப்புறம் வரல. நானும் காத்துக்கிட்டே இருந்தேன். மெஷினு மக்கர் பண்ணுது, உள்ள எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்னு நெனச்சேன். எந்திரிச்சுச் சரிபண்ணிக் குடுத்துறலாமான்னுகூடத் தோணுச்சு.” நிறுத்தினார். “அந்த நர்ஸ் பிள்ளைகிட்ட, லைட்டு நின்னுபோச்சு தாயின்னேன். அது சொல்லுது, இல்லீங்கய்யா, வந்துக்கிட்டேதான் இருக்குன்னு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கொடைரோடு போய்க்கொண்டிருந்தது.

மில்லில் அவரைப் பேனல் ரூமிலிருந்து எடுத்து ஆபீசில் மெயின்டெனன்ஸ் பார்க்கும் மேசையில் போட்டார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவருக்கு அது ஆறுதலாக இருந்தது. காரைக் கீரனூர்க்காரர் ஓட்டினார். பாய் பின் சீட்டுக்குப் போய்விட்டார். கார்களைப் பற்றிய பேச்சு முதல் வாரம் இல்லை. இரண்டாவது வாரம் கீரனூர்க்காரர் அவராகவே போனை எடுத்து நீட்டி, “பாய், இந்தக் கண்ணாடி மூலையில என்ன போட்டிருக்குதுன்னு பாருங்க” என்றார். பாய் வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார். “டாக்டரு ஓட்டுனதா?” என்று கேட்டார். காருக்குள் இறுக்கம் கொஞ்சம் லேசானது.

ஆனால் என் உடம்பு அதை ஏற்கவில்லை. கீரனூர்க்காரர் நன்றாகப் பார்த்துத்தான் ஓட்டினார். இருந்தும் என் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஓரத்தில் யாராவது நின்றால் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போய்விடும். ஒருநாள் நானே தனியாகப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டேன். அந்த வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைத்ததும் விளக்கு வராமல் போன ஒவ்வொரு நொடியும் எனக்கு உயிர் போய் வந்தது. ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் கீரனூர்க்காரரின் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் போய்விட்டார். தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. கடைசிவரை கார் வாங்கவில்லை. அவர் போன பிறகு வண்டி பேகம்பூரில் துணி போர்த்தி நின்றது. நானும் பாயும் பஸ்ஸில் போனோம். கூட்டமான பஸ்ஸில் ஏறும்போது அவர் படியில் இடித்துக்கொள்வார். ஒருமுறை கீழே விழப் போனார். அதைப் பார்த்த அன்று சாயங்காலம்தான் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தேன்.

கற்றுக்கொண்ட நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயந்தேன். கிளட்சை விட்டதும் வண்டி குதித்தால் நானும் குதிப்பேன். சொல்லிக் கொடுத்தவர், “கழுத்த என்ன கோழி மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? நேராப் பாருங்க” என்று சலித்துக்கொண்டார். என்னால் நேராக மட்டும் பார்க்க முடியவில்லை. லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை பெயில். இரண்டாவது தடவை பாஸ்.

பாயின் மனைவி தயங்கித் தயங்கித்தான் சாவியைக் கொடுத்தார். கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். பாய் முன் சீட்டில், இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். ஓடாமல் நின்ற வண்டியை முதல் நாளே சர்வீஸ் பண்ணியிருந்தார்கள், இன்ஜின் ஒரே அடியில் பிடித்தது.

ஊருக்குள் இருபதிலேயே போனேன். நான்குவழிச் சாலையில் ஏறும் இடத்தில் நிறுத்தினேன். வலது பக்கம் லாரிகள் விசுக் விசுக்கென்று போயின. முகத்தில் வெயில். பாயைப் பார்த்தேன். அவர் கதவின் மேல்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்காண்ணே?”

“பயமாத்தாம்மா இருக்கு” என்றார். “உனக்கு?”

“எனக்கும்தான்.”

“லாரி போயிருச்சா?”

வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், மறுபடி வலது பக்கம் பார்த்தேன். “போயிருச்சு” என்றேன்.

“அப்ப ஏத்து” என்றார்.